கல்லூரி வீரரும் கூலி வீரரும்

கற்கும் பருவத்தில் ஒரு துறையில் முதன்மை பெற்றவன், அத்துறையையே தொழிலாகக் கொண்டு உழைப்பவனை வெல்லக்கூடுமா என்னும் வினா, பல்கலைக்கழகங்கள் உள்ள நாடெங்கும் ஏதேனும் ஒரு வடிவில் எழுவதுண்டு. ஐக்கிய அமெரிக்காவில் அவ்வினா காற்பந்தாட்டத்தைப் பற்றியதாக எழுந்து, நூறாண்டாகியும் ஓயாமல் நிலவுகின்றது. இலையுதிர் காலத்தில் கல்லூரி அணியொன்று தோல்வியே காணாது வரும். அதே வேளையில் தொழில்முறை அணியொன்று தொடர்ந்து தோற்று நகைப்புக்கு இடமாகும். முன்னையது பின்னையதை வென்றுவிடாதோ என இரசிகர் அப்போது வாதிடத் தொடங்குவர். வேடிக்கைப் பேச்சாகத் தோன்றும் இவ்வாதத்தின் அடியிலே, மாணவன் என்பவன் யார் என்னும் பெரிய வினாவொன்று மறைந்து கிடக்கின்றது. அதனை அறிவதற்கு முதலில் அவ்வாட்டத்தின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

இலங்கை வாசகர் உதைபந்தாட்டம் என்று அறிவது வேறு. அமெரிக்கர் காற்பந்தாட்டம் என்று வழங்குவது வேறு. அமெரிக்க ஆட்டம் றகர் ஆட்டத்தின் வழித்தோன்றலாகும். முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் நூறு யார் நீளமான களத்தில் முன்னேறுவதே அதன் நோக்கம். பதினொருவர் கொண்ட அணிக்கு நான்கு முயற்சிகள் அளிக்கப்படும். அவற்றுள் பத்து யார் தூரம் முன்னேறாவிடின் பந்து எதிரணியைச் சேரும். ஒவ்வொரு முயற்சியிலும் இரு அணிகளின் முன்வரிசைகளும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும். இக்காலத்தில் அவ்வரிசைகளில் நிற்போர் பெரும்பாலும் முந்நூறு இறாத்தல் நிறையுடையோர். இம்மோதல் ஓர் ஆட்டத்தில் நூறு முறைக்கு மேல் நிகழ்வது என்பதை வாசகர் மனங்கொள்ளுதல் நன்று. பின்னர் கூறப்படுவனவற்றுக்கு அதுவே அடிப்படை.

இவ்வாட்டம் பிறந்தது பல்கலைக்கழகங்களிலேயே. 1869 நவம்பரில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் ஆகிய கல்லூரிகளுக்கிடையே நடைபெற்ற ஆட்டத்தையே அதன் தொடக்கமாகக் கொள்வர். கூலி பின்னரே வந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த ஹெஃபல்பிங்கர் என்பவர், 1892 நவம்பரில் பிற்ஸ்பேர்க் நகரில் நடந்த ஓர் ஆட்டத்துக்கு 500 டொலர் பெற்றுக்கொண்டார். கூலிக்கு ஆடிய முதல்வர் அவரே என்று இன்று ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. எனவே முதற் கூலி வீரரும் கல்லூரி தந்த வீரரே என்பது கவனிக்கத்தக்கது. தொழில்முறை அணிகளின் சங்கம் 1920ஆம் ஆண்டு ஓகையோ மாநிலத்துக் கன்றன் நகரிலேதான் உருவாயிற்று. அதற்கு முன் அரை நூற்றாண்டுக் காலம் கல்லூரிகளே இவ்வாட்டத்தின் தனியுடைமையாளராக விளங்கின. ஆகவே, தொழில்முறை ஆட்டத்தைக் கல்லூரி உலகம் இழிவாகவே நோக்கியது. பணத்துக்கு ஆடுபவன் உள்ளத்தால் ஆடான். தன் கல்லூரியின் பெயருக்காக ஆடுபவனோ உயிரையும் பொருட்படுத்தான் என்பது அக்காலக் கருத்து.

இக்கருத்து எத்துணை வலிமை பெற்றிருந்தது என்பதற்கு ரெட் கிறேஞ்சின் வரலாறு சான்றாகும். கோடை விடுமுறைகளில் வீற்றன் என்னும் ஊரில் வீடு வீடாகப் பனிக்கட்டி சுமந்து விற்ற இவ்விளைஞர், இலினோய் பல்கலைக்கழகத்தின் ஈடிணையற்ற ஓட்டக்காரராக எழுந்தார். 1925 நவம்பரில் தமது இறுதிக் கல்லூரி ஆட்டத்தை முடித்த கையோடு, பட்டமும் பெறாமல் சிக்காகோ பெயர்ஸ் என்னும் தொழில்முறை அணியிற் சேர்ந்தார். ஐந்தே நாட்களில் அவர் அவ்வணிக்காகக் களமிறங்கியபோது ஏறத்தாழ 36,000 பேர் காண வந்தனர். கல்லூரி உலகம் கொதித்தெழுந்தது. அவருடைய பயிற்றுநரும் அச்செயலை வெறுத்தார். கல்லூரிகளின் சினத்தைத் தணிக்க வேண்டி, ஒரு மாணவனுடன் பயின்றோர் பட்டம் பெறும்வரை அவனை எந்தத் தொழில்முறை அணியும் சேர்த்தலாகாது என்று 1926இல் விதி செய்யப்பட்டது. பனிக்கட்டி சுமந்து கூலி பெற்றபோது பெருமைப்படுத்திய அதே உலகம், பந்தைச் சுமந்து கூலி பெற்றபோது அவரைத் தூற்றியது.

சொல்லில் நடந்த வழக்கு விரைவிற் களத்துக்கு வந்தது. 1925 டிசம்பரில், பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியைச் சேர்ந்த பொட்ஸ்வில் என்னும் சிறு நகரத்தின் தொழில்முறை அணி, நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் முன்னாள் வீரர் அணியைப் பிலடெல்பியாவிற் சந்தித்தது. நோட்டர் டேமின் பெயர் அப்போது நாடெங்கும் ஒலித்தது. பொட்ஸ்வில்லை அறிந்தோர் சிலரே. எனினும் 9க்கு 7 என்ற புள்ளிக் கணக்கில் சுரங்கப் பகுதியினரே வென்றனர். வென்றதன் பயனாக அவர்களுக்குக் கிடைத்தது தண்டனையே. வேறோர் அணிக்குரிய நகரெல்லைக்குள் ஆடினர் எனக் குற்றஞ்சாட்டிச் சங்கம் அவர்களை விலக்கிவைத்தது. அவ்வாண்டின் வெற்றிப் பட்டமும் அவர்களுக்கு இல்லையாயிற்று.

ஐந்தாண்டுகள் கழித்து, பொருளாதார வீழ்ச்சி நாட்டை வாட்டிய காலத்தில், இரண்டாவது சோதனை நிகழ்ந்தது. 1930 டிசம்பர் 14ஆம் நாள், நியூயோர்க் நகரில் வேலையற்றோருக்கு நிதி திரட்டும் பொருட்டு, நோட்டர் டேமின் புகழ்பெற்ற பயிற்றுநர் நூட் ரொக்னி தம் மாணவரையும் முன்னாள் மாணவரையும் திரட்டி நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணிக்கு எதிரே நிறுத்தினார். ஜயன்ற்ஸ் 22 புள்ளிகள் பெற்றது. ரொக்னியின் அணி ஒரு புள்ளியேனும் பெறவில்லை. வேலையற்றோர் நிதிக்கு நூறாயிரம் டொலருக்கு மேற் சேர்ந்தது. ஊதியம் பெற்று ஆடியோர் அன்று ஊதியமற்றோருக்காக ஆடினர். பணத்துக்கு ஆடுபவனிடம் உள்ளம் இல்லை என்னும் கூற்று அன்றே பொய்த்திருத்தல் வேண்டும்.

ஆயினும் ஐயம் தீரவில்லை. அதனை ஆண்டுதோறும் நடைபெறும் விழாவாக்கியவர், சிக்காகோ ரிபியூன் நாளிதழின் விளையாட்டுத்துறை ஆசிரியர் ஆர்ச் வோர்ட் ஆவார். கல்லூரி வாழ்வை நிறைவுசெய்த வீரருள் தலைசிறந்தோரை நாடெங்கும் இருந்து தெரிந்தெடுத்து, தொழில்முறை வெற்றியணியுடன் ஆடச்செய்யும் திட்டத்தை அவர் 1934இல் தொடக்கினார். வருவாய் அறப்பணிகளுக்கு உரியதாயிற்று. சிக்காகோவின் சோல்ஜர் ஃபீல்ட் அரங்கில் நடைபெற்ற முதலாட்டத்தில் இரு அணியும் ஒரு புள்ளியும் பெறவில்லை. 1937இல் கல்லூரி அணி முதன்முறையாக வென்றது, மறுவருடமும் வென்றது. 1947இல் நூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் காண, சிக்காகோ பெயர்ஸ் அணியை 16க்குப் பூச்சியம் என்ற கணக்கில் வீழ்த்தியது.

இவ்வெற்றிகளை மாணவரது வீரத்துக்கு மட்டும் உரியனவாகக் கொள்ளுதல் பொருந்தாது. அக்காலத் தொழில்முறை வீரர் பலர், ஆட்டமில்லாத மாதங்களில் வேறு வேலை பார்த்தே குடும்பத்தைக் காத்தனர். கோடை இறுதியில் நிகழும் இவ்வாட்டத்துக்கு அவர்கள் முழு ஆயத்தமின்றியே வந்தனர். அன்றியும், மிகச் சிறந்த மாணவர் பலர் ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ள விரும்பினாரல்லர். சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே பேர்வாங்கர், 1935இல் நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீரருக்கான பரிசை முதன்முதலாகப் பெற்றவர். தொழில்முறை அணிகள் 1936இல் முதன்முறையாக முறைவைத்து மாணவரைத் தெரிந்தபோது முதலாவதாகத் தெரியப்பட்டவரும் அவரே. பேசிய சம்பளம் ஒத்துவராமையால் அவர் தொழில்முறை ஆட்டம் ஒன்றிலேனும் கலந்துகொள்ளாது, இறப்பர் நுரை வணிகத்திற் புகுந்தார். அவர் பெற்ற பரிசுச் சிலை நெடுங்காலம் அத்தையின் வீட்டில் கதவு மூடாதபடி முட்டுக் கொடுக்கப் பயன்பட்டதாகக் கூறுவர். அவருடைய பல்கலைக்கழகமோ, கல்விக்கும் இவ்வாட்டத்துக்கும் இசைவில்லை என்று கருதி 1939இல் தன் அணியையே கலைத்துவிட்டது. அவர் ஓடிய களத்தின் பார்வையாளர் மேடைக்குக் கீழே, 1942 டிசம்பரில் அணுப்பிளவின் முதலாவது தொடர்வினை நிகழ்த்தப்பட்டது. பல்கலைக்கழகம் ஒன்று தனக்குரிய பணி எதுவெனத் தானே தீர்மானித்துக்கொண்டமைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்டல் அரிது. அத்தீர்மானத்தின் விளைவு நன்றோ தீதோ என்பது வேறு விடயம்.

1963இல் கல்லூரி அணி, லொம்பார்டி பயிற்றுவித்த கிறீன் பே பக்கர்ஸ் அணியை 20க்கு 17 என்று வென்றது. பக்கர்ஸ் அதற்கு முந்திய இரு ஆண்டுகளும் தொழில்முறை வெற்றிப் பட்டம் பெற்றிருந்தது. அதுவே கல்லூரி அணியின் இறுதி வெற்றியாகவும் அமைந்தது. அதன்பின் நிகழ்ந்த பன்னிரண்டு ஆட்டங்களிலும் தொழில்முறை அணிகளே வென்றன. தொலைக்காட்சி ஒப்பந்தங்கள் கொணர்ந்த பெரும்பணம் சம்பளத்தை உயர்த்தியது. ஆட்டம் ஆண்டு முழுவதற்குமான தொழிலாயிற்று. புதிதாகச் சேரும் வீரர் காட்சி ஆட்டத்திற் காயமுறுவதையும் அணி உரிமையாளர் விரும்பவில்லை. 1976 யூலை 23ஆம் நாள் பிற்ஸ்பேர்க் ஸ்ரீலர்ஸ் 24க்குப் பூச்சியம் என முன்னின்ற வேளையில் இடியும் மழையும் சோர, ஆட்டம் நிறுத்தப்பட்டது. இரசிகர் களத்தினுட் புகுந்து நீரிற் சறுக்கி விளையாடி, இலக்குக் கம்பங்களையும் பிடுங்கி வீழ்த்தினர். ஆட்டம் மீளத் தொடங்கவில்லை. மறு ஆண்டும் நடைபெறவில்லை. நாற்பத்திரண்டு ஆட்டங்களில் தொழில்முறை அணிகள் 31இலும் கல்லூரி அணி 9இலும் வெற்றி பெற, இரண்டு ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன. நாடெங்குமுள்ள கல்லூரிகளின் மணிகளைக் கோத்த அணிக்கே முடிவு இதுவாயின், தனியொரு கல்லூரியின் அணியைப் பற்றிக் கூறவேண்டியதில்லை.

எனினும், எதிரே நிற்பது வெற்றியணியன்றிக் கடைநிலை அணியாயின் என்ன என்று வினவுவோர் உளர். அவர்களுக்கு 2001ஆம் ஆண்டு விடையளிக்கின்றது. அவ்வாண்டில் மயாமிப் பல்கலைக்கழக அணி ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களிலும் வென்றது. கல்லூரி அணிகளுள் தலைசிறந்தது அதுவே என்போர் பலர். அதன் வீரருள் 38 பேர் பின்னர் தொழில்முறை அணிகளால் தெரியப்பட்டனர். அவர்களுள் 17 பேர் முதற் சுற்றிலேயே தெரியப்பட்டோர். அதே ஆண்டில் கரோலினா பாந்தர்ஸ் என்னும் தொழில்முறை அணி முதலாட்டத்தில் வென்று, பின் தொடர்ச்சியாகப் பதினைந்து ஆட்டங்களிலும் தோற்றது. அவ்விழிநிலை அணியில் பந்தெறிந்து ஆட்டத்தை நடத்தியவர் யார்? அதற்கு முந்திய ஆண்டு, பேர்வாங்கர் பெற்ற அதே பரிசை வென்று, கல்லூரி வீரருள் முதல்வர் எனப் பாராட்டப்பெற்ற கிறிஸ் வைங்கி என்பவரே. காப்பு வரிசையில் அவருடன் சேர்ந்திருந்த டான் மோர்கன், அதே மயாமி அணியிலிருந்து முதற் சுற்றில் தெரியப்பட்டு வந்தவர். கல்லூரி உலகின் முடிசூடிய வீரர் கூடிநின்றும் அவ்வணி பதினைந்து முறை தோற்றதெனின், தொழில்முறை அரங்கின் அடித்தளம் எத்துணை உயரத்தில் உள்ளது என்பது புலனாகும்.

இதன் காரணம் எளிய கணக்கே. மேல்நிலைக் கல்லூரி அணிகள் நூற்று முப்பதுக்கு மேலுள்ளன. ஒவ்வொன்றும் நெடுங்காலமாக 85 பேருக்குப் புலமைப்பரிசில் வழங்கி வந்தது. அவ்வாறு பயில்வோர் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர். தொழில்முறை அணிகள் 32. அணிக்கு 53 பேர். ஆண்டுதோறும் முறைவைத்துத் தெரியப்படுவோர் 250க்குச் சற்றுக் கூடியவர். ஆகவே சிறந்த கல்லூரி அணியிலும் ஒரு பகுதியினரே தொழிலுக்குத் தகுதி பெறுவர். கடைநிலைத் தொழில்முறை அணியிலோ அத்தகுதி பெறாதோர் ஒருவரேனும் இல்லை. மயாமியின் 38 பேரும் ஒரே காலத்திற் கனிந்தவருமல்லர். பிற்காலத்தில் பெரும்புகழ் ஈட்டிய பிராங்க் கோரும் ஷோன் ரெய்லரும் 2001இல் பதினெட்டு வயது இளைஞரே. பதினெட்டு வயதினன் முப்பது வயதினன் ஒருவனது தோளுடன் நூறு முறை மோதுவது எங்ஙனம்? மேலும், கல்லூரி வீரன் பயிற்சிக்குச் செலவிடக்கூடியது கிழமைக்கு இருபது மணித்தியாலம் என விதி உண்டு. தொழிலாளிக்கோ நாள் முழுவதும் அதுவே வேலை.

இதற்கு மறுப்பாகக் கூறத்தக்க வலிய சான்று ஒன்றுண்டு. 1980 பெப்ரவரி 22ஆம் நாள், லேக் பிளசிட் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், அமெரிக்கக் கல்லூரி இளைஞர் நிறைந்த பனிக்கட்டி ஹொக்கி அணி, சோவியத் அணியை 4க்கு 3 என்று வென்றது. பெயரளவில் தொழில்முறையற்றோராயினும், சோவியத் வீரர் ஆண்டு முழுவதும் அவ்வாட்டத்தையே பணியாகக் கொண்டோர். இரு கிழமைக்கு முன்னரே அதே இளைஞரை 10க்கு 3 என்று முறியடித்தோர். எனின், காற்பந்தில் மட்டும் அது ஏன் நிகழலாகாது? ஆட்டத்தின் இயல்பிலேயே விடை உள்ளது. அன்று சோவியத் அணி இலக்கை நோக்கி 39 முறை அடித்தது. அமெரிக்கர் அடித்தது 16 முறையே. இலக்குக் காவலர் ஒருவரின் திறனும் சில கண நேர வாய்ப்பும் அங்கு முடிவை மாற்ற இயலும். காற்பந்திலோ முன்வரிசை மோதலில் ஒவ்வொரு முறையும் பின்தள்ளப்படும் அணிக்கு அத்தகைய காவலர் இல்லை. ஒரு முறை வாய்க்கும் நற்பேறு நூறு மோதல்களிற் கரைந்துபோகும். லேக் பிளசிட் வெற்றி மாணவர் வெல்வது இயலாதது அன்று என்பதைக் காட்டியது. எல்லா ஆட்டத்திலும் இயலும் என்பதைக் காட்டவில்லை.

ஆகவே வினாவுக்கு விடை தெளிவானதே: வெல்லாது. ஆயின், விடை இத்துணைத் தெளிவாயிருந்தும் வினா ஏன் மாளவில்லை? இவ்விடத்தேதான் விடயத்தின் கருவை அடைகின்றோம். கல்லூரி வீரனைத் தொழிலாளிக்கு நிகரானவன், அவனினும் மேலானவன் என்று புகழ்ந்த அதே உலகம், அவன் தொழிலாளியின் உரிமையைக் கேட்டபோது வேறு மொழி பேசிற்று.

1955இல் கொலராடோ மாநிலத்துச் சிறு கல்லூரி ஒன்றின் வீரர் களத்தில் தலையிற் காயமுற்று இறந்தார். பணியின்போது இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குரிய நட்டஈட்டை அவருடைய மனைவி கோரினார். கல்லூரி காற்பந்து வணிகம் நடத்தவில்லை. ஆகவே அவர் அதன் ஊழியருமல்லர் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1957இல் தீர்ப்பளித்தது. அக்காலத்திலேயே கல்லூரி விளையாட்டுச் சங்கம் ‘மாணவ வீரர்’ என்னும் சொற்றொடரை எங்கும் வழங்கச் செய்தது. வீரர் ஊழியராகக் கருதப்படலாம் என்னும் அச்சமே அச்சொல்லுக்குக் காரணமென, அச்சங்கத்தை 1951 முதல் 1988 வரை நடத்திய வோல்ற்றர் பயர்ஸ் தாமே 1995இல் வெளியிட்ட நூலில் ஒப்புக்கொண்டார். அரங்கு நிறையும்போது வீரன், இறந்தபோது மாணவன். ஒரே மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட இவ்விரு பெயர்களுக்கும் இடையே அந்தக் கைம்பெண் வெறுங்கையுடன் நின்றார்.

காலம் மாறியுள்ளது. 2021 யூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அச்சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் முதல் மாணவர் தம் பெயராலும் உருவத்தாலும் வரும் வருவாயைப் பெறலாயினர். 2025 யூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாடொன்றின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் வீரருக்கு ஆண்டுக்கு 20 மில்லியன் டொலருக்குச் சற்று மேற்பட்ட தொகை வரை நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். எனினும் ஊழியர் என்னும் தகுதியை அவ்வுடன்பாடு அவர்களுக்கு வழங்கவில்லை. பணம் ஒரு சிலருக்கு வந்துவிட்டது. பணியின்போது காயமுறுவோனுக்குரிய பாதுகாப்பு இன்னும் வினாவாகவே உள்ளது. தொழில்முறை அரங்கை அடைவோர் நூற்றுக்கு இருவர் அளவினரே. எஞ்சியோர் இருபத்திரண்டாம் வயதில், தேய்ந்த முழங்காலுடனும், ஆட்டத்துக்கு இடையிடையே கற்ற கல்வியுடனும் உலகினுட் புகுவர்.

தொழில்முறை அணியிடம் தோற்பது கல்லூரி அணிக்கு இழிவன்று. அவன் இன்னும் முதிராதவன். அவனுடைய பொழுது முழுவதும் அவ்வாட்டத்துக்கு விற்கப்பட்டதன்று. நாளை அவன் வேறொன்றாக ஆகக்கூடியவன். பேர்வாங்கர் வணிகரானதுபோல, வேறோருவர் ஆசிரியராகவும் மருத்துவராகவும் ஆகலாம். அத்தோல்விக்குக் காரணமான இவையனைத்தும் மாணவன் என்னும் நிலையின் செல்வங்களேயன்றோ? ஆகவே ஒரு பல்கலைக்கழகம் அவனை மாணவன் என்று அழைக்குமாயின், கற்பதற்குரிய பொழுதையும் காயமுற்றால் காக்கும் பொறுப்பையும் அவனுக்கு வழங்குதல் வேண்டும். தொழிலாளியை வெல்லவல்லவன் என்று கருதுமாயின், தொழிலாளிக்குரிய உரிமை முழுவதையும் அவனுக்கு ஒப்படைத்தல் வேண்டும். இரண்டில் எதனையும் முழுமையாகக் கொடாது, இரண்டின் பெருமையையும் தானே எடுத்துக்கொள்ளுதல் நேர்மையாகாது. வரும் இலையுதிர் காலத்திலும் இரசிகர் அதே வாதத்தைத் தொடங்குவர். அவர்களுள் ஒருவரேனும், களத்தில் யார் வெல்வார் என்பதோடு நின்றுவிடாது, ஆட்டம் முடிந்தபின் அம்மாணவனுக்கு எஞ்சுவது யாது என்றும் வினவுவாராயின், அவ்வாதம் பயனுடையதாகும்.